கடைக்குள் நின்று தேடினால் முதலிடம், பஸ் நிலையத்தில் தேடினால் ஆளே இல்லை

காயில் தம்பி, தருமபுரி
ஞாயிறு, இரவு 9.42

வணக்கம். பென்னாகரம் சாலையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்தது. நான் டிப்ளமோ முடித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்து எட்டு வருடம் ஆகிறது. கிணற்று மோட்டார், போர்வெல் சப்மெர்சிபிள், மாவு மில் மோட்டார் எல்லாம் எடுக்கிறோம்.

கடைக்குள் உட்கார்ந்து கூகுள் மேப்பில் மோட்டார் ரீவைண்டிங் என்று தேடினால் என் கடைதான் முதலில் வரும். அதை நம்பி ஆறு மாதம் நிம்மதியாக இருந்தேன். போன வாரம் மைத்துனரைத் திருப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனவன், சும்மா இருக்காமல் பஸ் நிலையத்தில் நின்று தேடிப் பார்த்தேன். முதல் மூன்றில் இல்லை. பட்டியலை முழுதாக விரித்தால் பதினோராவது இடத்தில் இருக்கிறேன். எனக்கு மேலே ஒரு மிக்சி பழுது பார்க்கும் கடை, போன தீபாவளிக்குத் திறந்த ஒரு கடை, பூட்டிப்போன ஒரு கடை. பூட்டிப்போன கடைக்குக் கீழே நான்!

இரண்டு நாள் கழித்து ஒருவர் போன் செய்தார். மேப் கம்பெனியிலிருந்தே பேசுவதாகச் சொன்னார். மாதம் 1,500 ரூபாய் கட்டினால் மாவட்டம் முழுக்க முதலிடமாம். செல்போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணைச் சொன்னால் போதுமாம். கட்டலாமா?

அரூர் வரைபடவாசி
ஞாயிறு, இரவு 10.15

கட்டாதீர்கள். எண்ணையும் சொல்லாதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

அரூர் வரைபடவாசி
திங்கள், காலை 6.50

நேற்றுத் தூக்கத்தில் எழுதினேன், இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன்.

கடைக்குள் உட்கார்ந்து தேடியது சோதனை அல்ல தம்பி, கண்ணாடி பார்த்துக்கொண்டது. வரிசை எப்படி அமைகிறது என்பதற்குக் கூகுள் தன் உதவிப் பக்கத்தில் மூன்று விஷயங்களைச் சொல்கிறது. தேடிய சொல்லுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவரிடமிருந்து உள்ள தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. நீங்கள் கடைக்குள் இருக்கும்போது தூரம் பூஜ்யம். அதனால் மற்ற இரண்டும் ஓட்டையாக இருந்தாலும் தெரியாது. பஸ் நிலையத்தில் நின்றதும் ஓட்டை தெரிந்துவிட்டது.

காசு கொடுத்து இந்த வரிசையில் முன்னால் போக வழியே இல்லை என்பதும் அதே உதவிப் பக்கத்தில் இருக்கிறது. விளம்பரம் வேறு கதை. காசு கட்டலாம், ஆனால் அது விளம்பரம் என்ற முத்திரையோடுதான் தெரியும். உங்களிடம் பேசியவர் கேட்ட எண், மேப்பில் உங்கள் கடைக்கென்று இருக்கும் பக்கத்தின் உரிமையை அவர் பெயருக்கு மாற்றிக்கொள்வதற்கான சாவியாக இருக்கலாம். யாரையாவது வேலைக்கு வைத்தால்கூட மேலாளராக மட்டும் சேருங்கள், உரிமையாளராகச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அரூரில் ஒரு பேக்கரிக்காரர் தன் பக்கத்தைத் தானே திறக்க முடியாமல் ஒன்றரை வருடமாக அலைகிறார்.

மூன்று கேள்விகள். பக்கத்தில் முதன்மை வகை என்னவென்று போட்டிருக்கிறீர்கள்? ஊசி, அதாவது வரைபடத்தில் கடையைக் குறிக்கும் சிவப்புப் புள்ளி, கடை வாசலில்தான் நிற்கிறதா? பலகையில் இருக்கும் பெயரும் மேப்பில் இருக்கும் பெயரும் ஒன்றா?

மாங்கூழ் வியாபாரி, கிருஷ்ணகிரி
திங்கள், காலை 8.05

எனக்கு ஒன்று புரியவில்லை. எரிந்துபோன மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்தில் நின்று யாரய்யா தேடுகிறார்கள்? விவசாயிக்குத் தெரிந்த கடை ஒன்று இருக்கும், டிவிஎஸ் 50இல் மோட்டாரைக் கட்டிக்கொண்டு நேராக அங்கே போவான். இருபத்தைந்து வருடமாக மண்டி வைத்திருக்கிறேன். மேப்பைப் பார்த்து ஒரு லோடு மாங்காய்கூட வந்ததில்லை.

காயில் தம்பி, தருமபுரி
திங்கள், மதியம் 1.30

வரைபடவாசி அண்ணா, நன்றி. முதன்மை வகை எலக்ட்ரீஷியன் என்று இருக்கிறது. பக்கத்தைத் திறந்தபோது பட்டியலில் முதலில் கண்ணில் பட்டதை அழுத்திவிட்டேன். ஊசி எதிர்ப்பக்கத்து மரக்கடையின் மேல் நிற்கிறது. பெயர் சரிதான்.

மாங்கூழ் ஐயா, உங்கள் கேள்வி காலையிலிருந்து மண்டையைக் குடைகிறது.

அரூர் வரைபடவாசி
திங்கள், இரவு 9.20

எலக்ட்ரீஷியன் என்றால் வீட்டுக்கு வந்து ஸ்விட்ச் போர்டு மாற்றுபவர். மிக்சிக்காரர் மின்சாதனப் பழுது கடை என்று சரியாகப் போட்டிருப்பார், அதனால் மேலே இருக்கிறார். வகையை நாமாக எழுத முடியாது, அவர்கள் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். முதன்மை வகை ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை சேர்க்கலாம். ஒன்பதையும் நிரப்பிவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். முதன்மையை மின்சாதனப் பழுது என்று மாற்றுங்கள், தண்ணீர்ப் பம்பு விற்பனையும் உண்டென்றால் அதைக் கூடுதலாகச் சேருங்கள். காயில் கட்டுதல், சப்மெர்சிபிள் இறக்கி ஏற்றுதல், ஸ்டார்ட்டர் பழுது எல்லாவற்றையும் சேவைகள் என்ற பகுதியில் நம் சொல்லிலேயே எழுதலாம், அங்கே தடை இல்லை. தமிழில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் ஒரு முறை எழுதுங்கள். நம் ஊரில் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள்.

இன்னொன்று. உங்களுக்கு மேலே இருப்பதாகச் சொன்ன அந்தப் பூட்டிப்போன கடையின் பெயர் என்ன? இங்கே எழுத வேண்டாம், தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

பைபாஸ் மெஸ், கிருஷ்ணகிரி
திங்கள், இரவு 10.40

ஊசி என்றதும் என் வயிறு எரிந்தது, அதனால் எழுதுகிறேன்.

நாற்பத்து நான்காம் எண் நெடுஞ்சாலையில், கிருஷ்ணகிரிக்கு முன்னால் சர்வீஸ் ரோட்டில் மெஸ் வைத்திருக்கிறேன். சேலத்திலிருந்து பெங்களூரு போகும் வண்டிகள் என் பக்கம் வரும். மேப்பில் என் ஊசி சாலைக்கு நடுவே, தடுப்புச் சுவரின் மேல் நின்றுகொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது. பெங்களூரிலிருந்து வருபவர்களையெல்லாம் மேப் எதிர்ப்பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, சேர்ந்துவிட்டீர்கள் என்று சொல்லிவிடும். ஒரு நாள் ஒரு குடும்பம் அந்தப் பக்கம் காரை நிறுத்திவிட்டு இறங்கி நின்று என் பலகையைப் பார்த்தார்கள். நான் இந்தப் பக்கம் கல்லாவில் இருந்து அவர்களைப் பார்த்தேன். நடுவில் ஆறு வழிச் சாலை. ஒரு சிறுவன் கையை அசைத்தான், நானும் அசைத்தேன். அவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

அன்று இரவு மகளை உட்காரவைத்து ஊசியை இழுத்துச் சர்வீஸ் ரோட்டு வாசலில் வைத்தோம். சாலைப் படத்தில் பார்க்கக்கூடாது, செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றி நம் கூரையைக் கண்டுபிடித்து வைக்க வேண்டும். எங்கள் கூரை நீலத் தகடு, உடனே தெரிந்துவிட்டது. அதன் பிறகு மேப் வண்டிகளைத் தாண்டிப் போகச் சொல்லி, திருப்பி, சரியான பக்கம் கொண்டுவருகிறது. மேம்பாலத்தில் ஏறாமல் இடதுபுறம் இறங்கும் இடத்தை ஒரு படம் எடுத்து முதல் படமாகப் போட்டேன். சாம்பார் படத்தைவிட அந்தப் படம்தான் எனக்குச் சோறு போடுகிறது.

நேரத்தையும் பாருங்கள். பையன் ஒருவன் 24 மணி நேரம் திறந்திருக்கும் என்று போட்டுவைத்திருந்தான். திறந்திருக்கும் கடைகளை மேப் முன்னால் காட்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு வந்து பூட்டிய ஷட்டரைத் தட்டியவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு, அதற்கு ஒரு பத்தி வசையும் எழுதிவிட்டுப் போனார். அவர் எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. அதை நீக்கவும் முடியாது, விதியை மீறிய கருத்தைத்தான் நீக்குவார்கள். இப்போது ஆடிப்பெருக்குக்கு முதல் நாளே சிறப்பு நேரம் போட்டுவிடுகிறேன். ஒகேனக்கல் போகிற கூட்டம் விடியற்காலையிலேயே வந்துவிடும்.

ஆரி வேலை அக்கா, பாலக்கோடு
செவ்வாய், காலை 11.10

தம்பி இழையில் நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். நான் வீட்டிலேயே ஆரி எம்பிராய்டரி செய்கிறேன். மணப்பெண் ரவிக்கைகள்தான் அதிகம். வீட்டு முகவரி மேப்பில் வருவதில் வீட்டில் இருப்பவர்களுக்கு விருப்பம் இல்லை, எனக்கும்தான். முகவரி இல்லாமல் வைக்கலாமா? பாலக்கோடு என்பதை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுகிறார்கள். எதைப் போடுவது?

அரூர் வரைபடவாசி
செவ்வாய், மதியம் 12.30

தாராளமாக வைக்கலாம் அக்கா. முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஊர்களுக்குச் செய்து தருகிறீர்கள் என்று மட்டும் கொடுங்கள். இருபது ஊர் வரை சேர்க்கலாம். ஆனால் ஊர்களைச் சேர்த்துவிட்டதால் அந்த ஊர்களிலெல்லாம் முன்னால் வந்துவிடுவீர்கள் என்று நினைக்காதீர்கள். அது வாடிக்கையாளருக்கான தகவல், தூரத்தை ஏமாற்றாது.

சரிபார்ப்புக்கு வீடியோ கேட்பார்கள். உங்களிடம் பலகை இல்லை, அதனால் தெருவைக் காட்டி, வீட்டுக் கதவைத் திறந்து, ஆரிச் சட்டம், ஊசி, நூல் டப்பா, பாதி முடிந்த ரவிக்கை, தொழில் பெயரில் இருக்கும் ஏதாவது ஒரு ஆவணம் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் எடுங்கள். வெட்டி ஒட்டாதீர்கள், பாட்டுச் சேர்க்காதீர்கள். முகங்கள் வர வேண்டிய அவசியம் இல்லை.

எழுத்து விஷயத்தில் கவலை வேண்டாம். மேப்பில் ஊர்ப் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்துக்கொள்ளும். ஊர்ப் பெயரில் வேறு வகைத் தொல்லையும் உண்டு. தெலங்கானாவில் கோதாவரிக் கரையில் நரசிம்மர் கோயில் உள்ள ஒரு தர்மபுரி இருக்கிறது. வயநாட்டில் ஒரு கிருஷ்ணகிரி இருக்கிறது, அங்கே கிரிக்கெட் மைதானம்கூட உண்டு. வெளியூரிலிருந்து தேடுபவருக்கு எது வரும் என்று சொல்ல முடியாது. விவரிப்புப் பகுதியில் 750 எழுத்துகள் வரை எழுதலாம், அதில் மாவட்டத்தையும் பக்கத்து ஊர்களையும் இயல்பாகக் குறிப்பிட்டுவிடுங்கள்.

காயில் தம்பி, தருமபுரி
செவ்வாய், மதியம் 1.05

சிரித்துவிட்டேன். போன மாதம் ஒருவர் எனக்குப் போன் செய்து தெலுங்கில் கோயிலுக்குப் பக்கத்தில் அறை கிடைக்குமா என்று கேட்டார். எதற்கென்று இன்றுதான் விளங்கியது.

ஓசூர் விளம்பரம்
செவ்வாய், மாலை 6.45

இந்தத் தொழிலில் ஆறு வருடமாக இருக்கிறேன், அதனால் நேராகச் சொல்கிறேன். வகை, ஊசி எல்லாம் அடிப்படை. வரிசையில் மேலே தூக்குவது பெயர். கடைப் பெயரோடு சப்மெர்சிபிள் ரீவைண்டிங் தருமபுரி என்று சேர்த்துப் பாருங்கள், ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரியும். இரண்டாவது, கருத்துகள். ஐந்து நட்சத்திரம் போடுபவருக்குக் கூலியில் நூறு ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள். ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

அரூர் வரைபடவாசி
செவ்வாய், இரவு 8.10

பெயரில் சொற்களைச் சேர்த்தால் மேலே வரும் என்பதை மறுக்கமாட்டேன். வரும். அதனால்தான் எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் பலகையில் என்ன பெயரோ அதுதான் மேப்பிலும் இருக்க வேண்டும் என்பது விதி. போட்டிக் கடைக்காரர் ஒருவர் திருத்தம் கோரினால் போதும், பெயர் போகும், சில சமயம் பக்கமே முடங்கும். கருத்துக்குக் காசும் கூடாது, தள்ளுபடியும் கூடாது. பிடித்தால் மொத்தமாகத் துடைத்துவிடுவார்கள், உண்மையாக எழுதியவர்களின் கருத்தும் சேர்ந்து போகும்.

ஓசூர் விளம்பரம்
செவ்வாய், இரவு 8.25

ஆயிரம் கடையில் ஒரு கடை முடங்கும். மற்ற 999 கடை சம்பாதிக்கும்.

அரூர் வரைபடவாசி
செவ்வாய், இரவு 8.27

அந்த ஒரு கடை உங்களுடையது இல்லை என்பதால் சொல்கிறீர்கள்.

காயில் தம்பி, தருமபுரி
இரண்டாம் வாரம், ஞாயிறு, இரவு 8.50

மாங்கூழ் ஐயா கேட்ட கேள்விக்குப் பதில் தேடினேன். ஒரு வாரமாக, புதிதாகப் போன் செய்யும் ஒவ்வொருவரிடமும் எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டுப் பில் புத்தகத்தின் பின் அட்டையில் குறித்துவைத்தேன். மொத்தம் பத்தொன்பது பேர். அதில் பதினொரு பேர் இந்த மாவட்டத்திலேயே இல்லை. பெங்களூரில் ஆறு பேர், திருப்பூரில் நான்கு பேர், சென்னையில் ஒருவர். எல்லாம் பிள்ளைகள். மோட்டார் எரிந்தது இண்டூரிலும் பாப்பாரப்பட்டியிலும், தேடியது பெங்களூர் கோரமங்களாவில். அப்பா ராத்திரி போன் செய்து தண்ணீர் வரவில்லை என்கிறார், பையன் அங்கிருந்து தேடி எனக்குப் போன் செய்கிறான். பாதி அழைப்புகள் இரவு எட்டு மணிக்கு மேல்தான் வருகின்றன. நான் ஏழரைக்கே கடையைச் சாத்திவிட்டுப் போனை அமைதியில் போட்டுவிடுவேன்.

அவர்கள் யாரும் அருகில் என்று தேடவில்லை. ஊர்ப் பெயரைச் சேர்த்துத் தட்டுகிறார்கள். பக்கத்தின் செயல்திறன் அறிக்கையைத் திறந்தால் எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று காட்டுகிறது. அதில் பென்னாகரம், இண்டூர், போர் மோட்டார் காயில் என்றெல்லாம் இருக்கிறது. ரீவைண்டிங் என்ற சொல்லை நான்தான் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ் நிலையத்தில் பதினோராவதாக வந்ததற்குத் தூக்கம் கெட்டது வீண்.

மாங்கூழ் வியாபாரி, கிருஷ்ணகிரி
இரண்டாம் வாரம், திங்கள், காலை 7.55

நான் கேட்டது குறை சொல்வதற்காக. அது உங்களுக்கு உபயோகமாகிவிட்டது. சரி, இருக்கட்டும்.

பைபாஸ் மெஸ், கிருஷ்ணகிரி
இரண்டாம் வாரம், திங்கள், காலை 9.30

அமைதியில் போட்டுவைத்த போனுக்கு முதலிடம் எதற்குத் தம்பி.

அரூர் வரைபடவாசி
இரண்டாம் வாரம், திங்கள், இரவு 9.00

தம்பியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எழுதுகிறேன். அவருக்கு மேலே இருந்த பூட்டிப்போன கடை யாருடையது தெரியுமா? அவருடைய அப்பாவுடையது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கடையைப் பழைய இடத்திலிருந்து பென்னாகரம் சாலைக்கு மாற்றியிருக்கிறார்கள். பழைய இடத்துக்கு எப்போதோ யாரோ ஒரு வழிப்போக்கர் மேப்பில் ஒரு பக்கம் உருவாக்கிவைத்திருக்கிறார். கடைக்காரர் கேட்காமலேயே இப்படி உருவாகும், நானே நூற்றுக்கணக்கில் சேர்த்திருக்கிறேன். அதில் பழைய தரைவழித் தொலைபேசி எண், பழைய பலகையின் படம், 31 கருத்துகள். தம்பி புதிதாகத் திறந்த பக்கத்தில் நான்கே கருத்துகள். தன் அப்பாவோடுதான் இத்தனை நாளாகப் போட்டி போட்டிருக்கிறார்.

இதே நிலையில் இருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். பழைய பக்கத்தை நிரந்தரமாக மூடப்பட்டது என்று போட்டுவிடாதீர்கள், கடை ஒழிந்துவிட்டது என்று ஊர் நினைத்துக்கொள்ளும். இந்த வணிகம் உங்களுடையதா என்ற இணைப்பை அழுத்தி உரிமை கோர வேண்டும். பிறகு, இடம் மாறியது, இரண்டும் ஒரே கடை என்று உதவிக் குழுவுக்கு எழுதி இணைக்கச் சொல்ல வேண்டும். இணைத்தால் கருத்துகள் புதிய பக்கத்துக்கு வந்துசேரும்.

காயில் தம்பி, தருமபுரி
நான்காம் வாரம், வியாழன், இரவு 11.20

ஒரு தப்புச் செய்துவிட்டேன். திட்டுவதாக இருந்தால் திட்டிவிடுங்கள்.

உரிமை கோரிய மனு நிலுவையில் இருக்கும்போது பொறுமை இல்லாமல், ஓசூர்க்காரர் சொன்னபடி பெயரில் நான்கு சொற்களைச் சேர்த்தேன். உண்மையிலேயே மேலே வந்தேன், நாலு நாள். ஒன்பதாம் நாள் பக்கம் முடங்கிவிட்டது. மேப்பில் என் கடை இருந்த இடத்தில் மரக்கடை மட்டும் இருக்கிறது.

ஆரி வேலை அக்கா, பாலக்கோடு
நான்காம் வாரம், வெள்ளி, காலை 6.30

அடடா. அழாதீர்கள் தம்பி, வழி இருக்கும்.

ஓசூர் விளம்பரம்
நான்காம் வாரம், வெள்ளி, காலை 10.15

வருத்தமாக இருக்கிறது. என் பங்கும் இதில் இருக்கிறது. இனி பெயர் விஷயத்தில் அப்படிச் சொல்லமாட்டேன்.

அரூர் வரைபடவாசி
நான்காம் வாரம், வெள்ளி, இரவு 7.40

முதலில் பெயரைப் பலகையில் உள்ளபடி திருத்துங்கள், அதற்கு முன் மேல்முறையீட்டைத் திறக்காதீர்கள். பதற்றத்தில் புதிதாக இன்னொரு பக்கமும் உருவாக்காதீர்கள், அது இன்னும் சிக்கலாகும். மேல்முறையீட்டில் ஆதாரம் இணைக்கும் படிவம் திறந்ததிலிருந்து அறுபது நிமிடம்தான் நேரம். திறந்த பிறகு பீரோவைக் குடைந்துகொண்டிருந்தால் நேரம் போய்விடும். மின் கட்டண ரசீது, ஜிஎஸ்டி சான்றிதழ் அல்லது சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, பலகையோடு கடையின் படம் எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் உள்ள பெயரும் முகவரியும் பக்கத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும்.

காயில் தம்பி, தருமபுரி
நான்காம் வாரம், சனி, இரவு 10.05

மின் இணைப்பு கட்டட உரிமையாளரின் காலஞ்சென்ற மாமனார் பெயரில் இருக்கிறது. ஜிஎஸ்டி எங்களுக்கு இல்லை, அந்த அளவு வியாபாரம் கிடையாது. உத்யம் பதிவை இன்று ஆதார் வைத்து நானே இணையத்தில் போட்டுவிட்டேன். கட்டணம் எதுவும் இல்லை. போன வருடம் ஒரு கணினி மையத்தில் இதற்கே 800 ரூபாய் கேட்டார்கள்.

பலகையில் தருமபுரி என்று இருக்கிறது, உத்யமில் ஆங்கிலத்தில் தர்மபுரி. அதுவும் சிக்கலாகுமா?

அரூர் வரைபடவாசி
நான்காம் வாரம், சனி, இரவு 10.20

ஆகாது. ஊரே இரண்டு விதமாகத்தான் எழுதுகிறது.

பைபாஸ் மெஸ், கிருஷ்ணகிரி
ஐந்தாம் வாரம், புதன், மாலை 4.15

காத்திருக்கும் நேரத்தில் ஒரு கிளைக்கதை. இந்தப் பக்கத்தோடு சேர்த்து இலவசமாக ஒரு வலைத்தளம் கொடுத்துவந்தார்கள் அல்லவா, நான் அந்த முகவரியைப் பார்சல் கவர் ஐயாயிரத்தில் அச்சடித்தேன். 2024 மார்ச்சில் அந்த வசதியை நிறுத்திவிட்டார்கள். கவர் இன்னும் தீரவில்லை. இரவல் மனையில் வீடு கட்டினால் இப்படித்தான். இப்போது சொந்தப் பெயரில் ஒற்றைப் பக்கத்தில் ஒன்று வைத்திருக்கிறேன். விலைப்பட்டியல், வழி, போன் எண், அவ்வளவுதான்.

ஐபோன் வைத்திருக்கும் பெங்களூர்க்காரர்கள் ஆப்பிள் மேப்பில் வருகிறார்கள், அதிலும் இலவசமாகப் பதியலாம். நம் நாட்டு வரைபடமான மேப்பிள்ஸிலும் போட்டேன். மூன்றிலும் ஒரே பெயர், ஒரே எண், ஒரே நேரம்.

காயில் தம்பி, தருமபுரி
ஆறாம் வாரம், திங்கள், காலை 7.10

பக்கம் திரும்பிவிட்டது. பதினொரு நாள்.

பெயரில் ஒரு சொல்கூடக் கூடுதலாக இல்லை. ஊசியைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து வேப்பமரத்துக்குப் பக்கத்தில் சரியாக வைத்தேன். இரவு ஒன்பதரை வரை போனை எடுக்கிறேன். ஆனால் கடை நேரத்தை ஏழரை என்றுதான் போட்டிருக்கிறேன்.

கருத்துக் கேட்பதில் ஒன்று கற்றுக்கொண்டேன். பில் கொடுக்கும்போது கேட்டால் யாரும் எழுதுவதில்லை, அப்போது அவர்கள் மனம் பணத்தின் மேல் இருக்கிறது. மோட்டாரைக் கிணற்றில் இறக்கி, ஸ்டார்ட்டரை அழுத்தி, குழாயில் முதலில் செம்மண் தண்ணீர் வந்து, பிறகு தெளிந்த தண்ணீர் வரும் பாருங்கள், அந்த நேரத்தில் பெரியவர் முகம் வேறு மாதிரி இருக்கும். அன்று மாலை பையனுக்கு வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்புகிறேன். என்ன எழுத வேண்டும் என்று சொல்வதில்லை. நட்சத்திரம் எத்தனை என்றும் கேட்பதில்லை. அவர்களே எத்தனை எச்பி, எந்த ஊர், எத்தனை நாளில் கட்டிக் கொடுத்தோம் என்று எழுதிவிடுகிறார்கள். தாமதமாகக் கொடுத்தேன் என்று ஒருவர் மூன்று நட்சத்திரம் போட்டார். காப்பர் கம்பி வரத் தாமதமானது, மன்னிக்கவும் என்று பதில் எழுதினேன். அவர் அடுத்த மோட்டாரையும் என்னிடமே கொண்டுவந்திருக்கிறார்.

ஆரி வேலை அக்கா, பாலக்கோடு
ஆறாம் வாரம், திங்கள், மதியம் 2.40

என் வீடியோவும் ஏற்கப்பட்டது. முதல் தடவை நிராகரித்துவிட்டார்கள், தெருவைக் காட்ட மறந்திருந்தேன். இரண்டாம் தடவை பால்காரர் குறுக்கே வந்தும் சரியாகிவிட்டது.

காயில் தம்பி, தருமபுரி
பத்தாம் வாரம், ஞாயிறு, இரவு 9.15

நேற்றுப் பழைய பக்கம் இணைந்துவிட்டது. 31 கருத்துகளும் வந்துவிட்டன.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவுக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அவர் வார்னிஷ் கறை போகாத விரல்களால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனை வாங்கித் தானும் ஒரு முறை பார்த்தார். இப்படியெல்லாம் எழுதிவைத்திருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. பெரும்பாலும் நல்ல வேலை, நன்று என்று ஒற்றை வரிகள். ஒன்று மட்டும் நீளமாக இருந்தது, 2018இல் எழுதியது. மூன்று தடவை வேறு இடத்தில் காயில் கட்டியும் எரிந்துபோன ஏழரை எச்பி மோட்டாரை இந்தப் பெரியவர் கட்டிக் கொடுத்தார், மோட்டாரில் கோளாறு இல்லை, உங்கள் ஊரில் வோல்டேஜ் இறங்குகிறது என்று சொல்லி ஸ்டார்ட்டரையும் பார்த்துக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை என்று இருந்தது.

அப்பாவுக்கு ஆள் நினைவில் இல்லை. மோட்டார் நினைவிருக்கிறது. உள்ளே இருந்த சுற்றின் எண்ணிக்கையைச் சொன்னார்.

இதற்குப் பதில் எழுத முடியுமா என்று கேட்டார். முடியும், எழுதியவருக்கு அறிவிப்புப் போகும் என்றேன். இத்தனை வருடம் கழித்தா என்று யோசித்தார், பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அப்படியே தருகிறேன்: வணக்கம். அந்த மோட்டார் இன்னும் ஓடுகிறதா? கடை இப்போது பென்னாகரம் சாலையில் இருக்கிறது. வேப்பமரம் அடையாளம்.

மாங்கூழ் வியாபாரி, கிருஷ்ணகிரி
பத்தாம் வாரம், திங்கள், காலை 8.20

தோட்டத்தில் என் மோட்டார் முந்தாநாளிலிருந்து உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை. உங்கள் எண்ணை இங்கே போட வேண்டாம், மேப்பில் பார்த்துக்கொள்கிறேன்.

மாங்கூழ் வியாபாரி, கிருஷ்ணகிரி
பத்தாம் வாரம், திங்கள், காலை 8.34

பார்த்தேன். இங்கிருந்து வெறுமனே தேடினால் வரவில்லை. தருமபுரி என்று சேர்த்தால் வருகிறது.